அளவு ஜாக்கெட்

அளவு எடுக்கும்போது அவள் முதலில் சொல்வது ஒரே ஒரு பேச்சுதான். "மூச்ச வுடு."

டேப்பை இடுப்பில் சுற்றியதும் எந்தப் பெண்ணும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்துச் சிறுமியும் இழுப்பாள், பேரன் எடுத்தவளும் இழுப்பாள். அவள் டேப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி அப்படியே நிற்பாள். உதட்டுக்கு நடுவில் நாலைந்து குண்டூசி இருக்கும். இறுக்கமாட்டாள், விடவும் மாட்டாள். எப்பேர்ப்பட்டவளும் கடைசியில் மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்? வயிறு தன் இடத்துக்கு வந்த பிறகுதான் டேப்பைப் பார்ப்பாள். "அடக்கினா டேப்பு பொய் சொல்லும். அப்பால சட்ட புடிக்குதுன்னு என்னத் திட்டுவீங்க" என்பாள்.

நான் அவள் டேப்புக்கு நின்றதில்லை. என்னிடம் ஒரு அளவு ஜாக்கெட் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆலங்காயத்தில் தைத்தது, ஊதா நிறம். புதுத்துணியோடு அதையும் சேர்த்து அவள் மேசைமேல் போட்டு, "இதேமாரி தெச்சிடு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அவள் கை என் மேல் படுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரே அவளை டைலர்மா என்று கூப்பிட்டது. நான் மட்டும் டைலரு என்பேன். அந்த 'ம்மா'வை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதைப் பிள்ளை பெற்று வாங்கியவள் நான்.

அவள் மலைக்காரி இல்லை. கீழ்நாட்டுக்காரி. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள். அங்கே வேலை பார்த்த எங்கள் மலைக்காரன் ஒருத்தனோடு மேலே வந்தாள். அவன் பிறகு வேறு ஊர் போய்விட்டான். அவள் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு அறை, ஒரு கால்மிஷின், சுவரில் வரிசையாக ஆணி. அந்த அறையிலிருந்து எந்நேரமும் மிஷின் சத்தமும் பெண்பிள்ளைகள் சிரிக்கும் சத்தமும் வரும். சுற்றுவட்டாரத்தில் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்கிற ஒரே இடம் அதுதான்.

தோலைப் பற்றி ஒரு பேச்சு வைத்திருந்தாள். எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வாள். "தோல்ல ஒருவாட்டி ஊசி எறங்கினா ஓட்ட ஓட்டதான். துணின்னா பிரிச்சித் தெக்கலாம்." யாராவது தையல் தப்பாகிவிட்டதென்று சண்டைக்கு வந்தால் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே பிரிப்பாள். தைக்கிற எல்லாவற்றிலும் உள்பக்கம் துணி விட்டுத்தான் தைப்பாள். துணி மிச்சம் பிடிக்கிற ஆட்களுக்கு அவளைப் பிடிக்காது. "ஏந்தாயி, உள்ள இவ்ளோ துணி யாருக்குக் காட்ட?" என்று கேட்ட கிழவி ஒருத்தியிடம், "நாளைக்கு வரப்போற ஒடம்புக்கு" என்றாள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தவள் நான். பதினைந்து வயதில், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள், ஒருத்தனோடு ஓடிப்போனேன். எங்கள் மலையில் அப்போது அது பெரிய விஷயமில்லை. ஊர் கூடியது. நாட்டாமை அபராதம் போட்டார். ஒரு கிடா வெட்டி, சாமைச் சோறு ஆக்கிப் போட்டோம். தின்றுவிட்டுக் கை கழுவினார்கள், நான் அவன் பொண்டாட்டி ஆகிவிட்டேன். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. இரண்டாவது வெண்ணிலா. அவள் தங்கினாள். என் வீட்டுக்காரர் ஆந்திராவுக்கு மரம் வெட்டப் போனார். அங்கே ஒருத்தியோடு இருக்கிறார் என்றார்கள், ஜெயிலில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். இரண்டில் எது தேவலை என்று நான் யோசித்ததில்லை. நாத்தனாரிடம் பெண்ணை விட்டுவிட்டுக் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். பழம் முடிந்தால் கேரளாவில் மிளகு. அது முடிந்தால் பெங்களூரில் கட்டட வேலை. அட்டை கடிக்கும், மழை பெய்யும், மேஸ்திரி திட்டுவான். அதெல்லாம் எல்லா இடத்திலும் உண்டு. எனக்கு ஒரே கூரைக்குக் கீழே நாலு மாசம் தொடர்ந்து படுத்தால் உடம்பு முறிகிறமாதிரி இருக்கும். அதனால் போய்க்கொண்டே இருந்தேன்.

டைலருக்கு இது தெரியும். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மிஷினிலிருந்தே குரல் கொடுப்பாள். "இன்னா குடகு, வந்துட்டியா? எத்தினி நாளு இந்தவாட்டி?"

"உன்னக் கேட்டுத்தான் வரணுமா, டைலரு?"

"என்ன எதுக்குக் கேக்கணும்? நாந்தான் எங்கயும் போறதில்லயே" என்பாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குக் குத்தியது.

வெண்ணிலா வயசுக்கு வந்தபோது நான் குடகில் இருந்தேன். நாத்தனார் போனில் சொன்னாள். அங்கிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பி, மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தபோது, பச்சை ஓலையில் கட்டிய குடிசைக்கு வெளியே டைலர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பாவாடை. அதற்கு ஓரம் அடித்துக்கொண்டே உள்ளே இருந்த என் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். பெண்ணும் நானும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள்.

"டைலரு இன்னா சொன்னா உனக்கு?"

"எல்லாம் சொன்னாங்க."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாந்தான்மா."

எனக்கு யாரும் எல்லாவற்றையும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லாததை என் பெண்ணுக்கு ஒருத்தி சொல்கிறாள் என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் நேராக அவள் அறைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். பெண்பிள்ளைகள் நாலு பேர் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்னப் பொண்ணுங்களாண்ட அத்தப்பத்தி இன்னா பேச்சு உனக்கு? நீ பேசிப்பேசியே பழக்கிடுவ போலக்கீது."

அவள் மிஷினை நிறுத்தினாள். "நீ பதினஞ்சுல ஓடினியே, அப்ப யாராச்சும் உன்னாண்ட பேசினாங்களா?"

"பேசல."

"பேசியிருந்தா?"

பொய் சொல்ல வரவில்லை. "அப்பவும் ஓடித்தான் இருப்பேன்."

"நல்லா ஓடு. யாரு வேணான்னா? செருப்பு போட்டுக்கினு ஓடுன்னுதான் சொல்றேன்."

பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஷூ கம்பெனிக்காரி செருப்பைப் பற்றித்தான் பேசுவாள் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்தேன். பாதி தூரம் நடந்த பிறகுதான் எந்தச் செருப்பைச் சொன்னாள் என்று புரிந்தது. அந்தப் பேச்சு பிறகு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பையன்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். மருந்துக்கடைக்குப் போகிறவனைப் பார்த்து, "இன்னாடா, செருப்பு வாங்கவா?" என்பார்கள்.

ஆனால் சிரிப்பு எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. எங்கள் காலத்தில் அபராதம் இருந்தது, அவமானம் இல்லை. பிறகு டிவி வந்தது, கீழ்நாட்டுச் சம்பந்தம் வந்தது, அவமானமும் கூடவே ஏறி வந்தது. எல்லார் கையிலும் போன் வந்தது. பிள்ளைகள் பார்க்காததில்லை, பேசாததில்லை. பெற்றவர்கள்தான் பேசமாட்டார்கள். அதோடு சட்டமும் வந்தது. பதினெட்டு முடியாத பெண் வயிற்றோடு ஆசுபத்திரிக்குப் போனால் நர்சம்மா போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பையனைக் கொண்டுபோய்விடுவார்கள். கிடா வெட்டினால் தீர்ந்துபோகிற காலம் முடிந்துவிட்டது. அதனால் பெண்கள் ஆசுபத்திரி இருக்கிற பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பக்கத்துக் குக்கிராமத்துப் பெண் ஒருத்தி அப்படித்தான் செத்தாள். அக்கா கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க டைலரிடம் வந்திருக்கிறாள். டேப் சுற்றியதும் இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. நம்மை நம்பி நின்ற பெண்ணை நாம் ஏன் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டாள். அந்தப் பையன் கீழேயிருந்து ஏதோ மாத்திரை வாங்கி வந்து கொடுத்தான். வீட்டில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்தவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. போர்வையைக் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தார் ரோட்டுக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

தைத்த ஜாக்கெட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. பச்சை ஜாக்கெட். டைலர் அதை ஆணியிலேயே மாட்டி வைத்திருந்தாள். அந்த வருஷம் நான் வந்தபோது, "இத்த யாருக்காச்சும் குடுத்துடேன்" என்றேன்.

"இருக்கட்டும். அளவு தெரிஞ்சும் வாயில குண்டூசி வெச்சிக்கினு இருந்தேன்ல. இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். டேப்பில் எது தெரிந்தாலும் அந்தப் பெண்ணின் காதில் சொல்லிவிடுவாள். வேறு யார் காதிலும் சொல்லமாட்டாள். எத்தனை பேரை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாளோ, எத்தனை பேரைக் கல்யாணம் வேண்டாம் என்று தடுத்தாளோ, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதுதான் அவள் சாமர்த்தியம். எனக்கு அதுவும் எரிந்தது. என் காதில் ஒரு ரகசியம் விழுந்தால் ரெண்டாவது டீக்கடை தாண்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். என்னிடம் யாரும் சொல்வதில்லை.

வெண்ணிலாவுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தபோது, மாசி மாதம், புளி உலுக்குகிற சமயம், நான் குடகிலிருந்து வந்தேன். அவள் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். உடம்பு சரியில்லை என்று லீவில் வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. விடுதிச் சோறு என்று நினைத்தேன். அவளுக்குச் சுடிதார்த் துணி வாங்கி வந்திருந்தேன், ரோஜா நிறம்.

"வா, டைலராண்ட போய் அளவு குட்த்துட்டு வரலாம்" என்றேன்.

"நீயே போம்மா. அளவுச் சட்ட தர்றேன். இதேமாரி தெக்கச் சொல்லு." துணிப்பையிலிருந்து ஒரு மேல்சட்டையை எடுத்து நீட்டினாள்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருஷம் அந்த டேப்புக்கு முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டு நின்ற பெண், இன்றைக்கு என்னைப்போல அளவுச் சட்டை கொடுத்து அனுப்புகிறாள். அவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம், என் பெண் என் பக்கம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். கையை வீசிக்கொண்டு போனேன். என் ஊதா ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். ரெண்டையும் மேசைமேல் போட்டேன்.

"இன்னா குடகு, பொண்ணு வரல?"

"அளவு குட்த்தனுப்பிட்டா. நான் குடுக்கறதில்லயா? அதேமாரிதான்."

அவள் அந்த மேல்சட்டையை எடுத்துத் திருப்பினாள். உள்பக்கத் தையலை விரலால் தடவினாள். பிறகு வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைத்துணியில் குத்தினாள். எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் பேசினாள்.

"இது வெண்ணிலாவுது இல்ல."

"அவதான் குட்த்தா."

"நான் தெச்ச துணி எனக்குத் தெரியாதா? இது அவகூடப் படிக்கிற பொண்ணோடது, கொஞ்சம் பூசினாப்ல இருக்குமே, அது. இந்தச் சட்டையில உம்பொண்ணுமாரி ரெண்டு பேரு பூந்துக்கலாம்." அவள் என்னைப் பார்க்காமல் சட்டையை மடித்தாள். "வூட்டுக்குப் போ. அடிக்காத, கத்தாத. பக்கத்துல ஒக்காந்து மூச்ச வுடச் சொல்லு."

நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பெற்றவளுக்கு வழி சொல்ல வந்துவிட்டாள் பெறாதவள் என்றும் சொன்னேன். அவள் மடித்த சட்டையை என் கையில் கொடுத்தாள்.

வீட்டில் வெண்ணிலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டைலர் சொன்னதைச் சொல்லக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வேறு பேச்சு வரவில்லை. "மூச்ச வுடுடி" என்றேன். என் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு விட்டாள். துப்பட்டாவுக்குக் கீழே வயிறு வந்து நின்றது. ஐந்து மாசம்.

பையன் சதீஷ். பத்தொன்பது வயது, ஜேசிபியில் கிளீனர். போனில்தான் ஆரம்பித்திருக்கிறது. நல்ல பையன்தான். என் வீட்டுக்காரரைவிட நல்லவன். எனக்குக் கோபம் அதில் இல்லை. ஓடிப்போனவள் நான், நான் என்ன சொல்ல? ஒரே குடிசையில் ரெண்டு ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. டைலர் ஒரு சட்டையைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எல்லாம் சொன்னாங்கன்னியே, செருப்பக்கூட சொன்னாங்களேடி" என்றேன்.

"சொன்னாங்க. அதான் அவங்க மூஞ்சில முழிக்க முடில."

கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். கண் இமையை இறக்கிப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, முள்ளங்கிமாதிரி இருந்தது. ஆசுபத்திரிக்குப் போகலாம் என்றதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். "சதீச புடிச்சிக்கினு போய்டுவாங்கம்மா. செத்தாலும் வரமாட்டேன்." அவள் சும்மா சொல்லவில்லை. காட்டுக்கொட்டகைப் பெண்ணும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மூட்டை கட்டுவது. குடகுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், அங்கே நம்மை யாருக்குத் தெரியும், பத்தொன்பது என்று சொல்லிக்கொள்ளலாம், பெற்றுக்கொண்டு வரலாம். மறுநாள் காலையில் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது டைலர் வந்தாள். அதுவரை அவள் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கழுத்தில் டேப் தொங்கியது.

மூட்டையைப் பார்த்தாள். "எங்க?"

"குடகுக்கு."

"பஸ்ஸுல போற வழியில ஜன்னி வந்து கைகாலு இழுத்தா இன்னா பண்ணுவ? காப்பித் தோட்டத்துல எறக்கிப் படுக்க வெப்பியா?"

 அவள் குனிந்து வெண்ணிலாவின் காலைப் பார்த்தாள். பிறகு, "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள்.

என் வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போனேன். வாசலில் குவித்திருந்த புளியை உட்கார்ந்து தட்டினேன். ஓடு உடைகிற சத்தத்தில் உள்ளே பேசுவது கேட்காது. தட்டுவதை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் டைலரின் குரல் வார்த்தையாகக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவள் மட்டும்தான் பேசினாள். ஓரிடத்தில் அவள் குரலே நின்றுபோனது. பிறகு வெண்ணிலா அழுதாள். தனக்காக அழுகிற அழுகை எனக்குத் தெரியும். அது அந்த அழுகை இல்லை, வேறு யாருக்கோ அழுவதுபோல இருந்தது.

கதவு திறந்தது. வெண்ணிலா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். "யம்மா, ஆசுபத்திரிக்குப் போலாம்."

டைலருடைய கண்ணும் சிவந்திருந்தது. அவள் என்னைத் தாண்டிப் போய், பஸ்ஸை நிறுத்திவைக்கச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

மலைமேல் ஆசுபத்திரியில் நர்சம்மா வயசு கேட்டதும் வெண்ணிலா பதினேழு என்றாள். பத்தொன்பது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதற்குள் சொல்லிவிட்டாள். ரத்தக்கொதிப்பைப் பார்த்துவிட்டு நர்சம்மா அதற்கப்புறம் எங்களை உட்காரக்கூட விடவில்லை. வண்டி வைத்துத் திருப்பத்தூருக்கு அனுப்பினார்கள். ரத்தம் ஏற்றினார்கள், ரெண்டு மாசத்துக்கு மேல் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள். பெண்ணுக்கு ஒருதடவை ஜன்னி வந்தது, படுக்கையிலேயே வந்தது, சுற்றி ஆள் இருந்தார்கள், பிழைத்தாள். மாசம் நிறையாமல் ஒரு ஆண் குழந்தை, புறாக்குஞ்சு அளவு. அதுவும் தங்கியது.

சதீஷைக் கொண்டுபோனார்கள். ஜாமீனில் வருவதற்குள் பாதியாகிவிட்டான். கேஸ் இன்னும் நடக்கிறது. தேதிக்குத் தேதி திருவண்ணாமலைக்குப் போய் நிற்கிறான். அவன் அம்மா சந்தையில் என்னைப் பார்த்தால் கீழே துப்பிவிட்டுப் போகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் பெண்ணும் அவனும் போனில் பேசுகிறார்களா என்று நான் கேட்பதில்லை. கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "படிச்சி முடிக்கறேன், அப்பால பாக்கலாம்" என்கிறாள்.

பையன் வீட்டார் ஊரைக் கூட்டினார்கள். கோயில் முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். டைலர்தான் காட்டிக்கொடுத்தாள், கீழ்நாட்டுக்காரிக்கு எங்கள் பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்ப என்ன அதிகாரம், அறையைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்றார்கள். நாட்டாமை அவளைப் பார்த்து, "இன்னாம்மா சொல்ற?" என்றார். அவள் எழுந்து நின்றாள்.

அவள் பேசுவதற்குள் நான் எழுந்தேன். "அவளுக்கு இன்னா வேல இதுல? எம்பொண்ண ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கினு போனது நானு. எம்பொண்ணுக்கு இன்னா செய்யணும்னு எனக்குத் தெரியாதா? காலி பண்ணச் சொல்றதுனா என்னச் சொல்லுங்க. எனக்குப் போய்ப் பழக்கந்தான்."

கூட்டம் சலசலத்தது. அதோடு கலைந்தது. டைலருக்காகப் பரிந்து பேசினேன் என்று ஊரில் இன்றைக்கும் நல்லபேர். அவளுக்குத் தெரியும். என் பெண்ணைக் காப்பாற்றினவள் என்ற பேரை அவளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான். கலைந்து போகும்போது என் பக்கத்தில் வந்து, "நல்லாக் கூட்டிக்கினு போன, குடகு" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

பிறகு நான் எங்கும் போகவில்லை. வெண்ணிலா விட்ட பரீட்சையை எழுதிவிட்டுத் திருப்பத்தூரில் காலேஜ் சேர்ந்தாள். பிள்ளை என்னிடம். வருஷக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே படுத்தேன். உடம்பு முறியத்தான் செய்தது.

ஓடினவள் டைலர். செங்கத்திலிருந்து புளி வாங்க வருகிற வியாபாரி ஒருத்தர், பெண்டாட்டி இல்லாதவர், சீசனுக்குச் சீசன் அவளிடம் சாக்கு தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாக்குக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோதே, மிஷினைக் கழட்டி அவர் வண்டியில் ஏற்றப்போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மலையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழவி மட்டும், "செருப்பு போட்டுக்கினியாடி?" என்று கேட்டாள். அவள் குனிந்து தன் காலைப் பார்த்து, "புதுசு" என்றாள்.

போவதற்கு முந்தின வாரம் நான் ஒரு ஜாக்கெட் துணியும் ஊதா ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் எல்லா ஆணியும் காலியாக இருந்தது. பச்சை ஜாக்கெட்டை மட்டும் இன்னும் எடுத்து வைக்கவில்லை. என் அளவு ஜாக்கெட்டை அவள் தொடவில்லை.

"கடைசியா ஒருவாட்டி நில்லு."

"அளவுதான் கீதே."

"அது பொய் சொல்லுது. பதினஞ்சு வயசு ஒடம்ப வெச்சிக்கினு எத்தினி வருசம் தெப்ப? ஒவ்வொருவாட்டியும் நான் கண்ணாலப் பாத்துத்தான் பெருசாத் தெச்சிக்கினு வர்றேன். நீ உன் அளவுதான்னு போட்டுக்கினு திரியற."

நான் நின்றேன். டேப் சுற்றியது. அவள் கை நான் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. வயிறு தானாக உள்ளே போனது. அவள் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேட்டேன்.

"அன்னிக்கு வெண்ணிலாவாண்ட இன்னா சொன்ன?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டில் குண்டூசி இருந்தது. நிறைய நேரம் பார்த்தாள். பார்வை ஒருதடவை சுவரிலிருந்த பச்சை ஜாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியது. ஷூ கம்பெனியில் இருந்தபோது அவளுக்கு என்ன வயசு என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெறாதவள் என்று அவளை நான் திட்டியது ஒருதடவை இல்லை.

"மூச்ச வுடு" என்றாள்.

விட்டேன். அளவைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

வெண்ணிலாவிடமும் கேட்டிருக்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறேன். "அது டைலர்மா கதம்மா. அவங்களத்தான் கேக்கணும்" என்கிறாள். என் பெண்ணுக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லியிருந்தால் ஊருக்குத் தெரிந்திருக்கும் என்பதும் உண்மைதான்.

அந்தக் கடைசி ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. போன பொங்கலுக்கு உடம்பு கொஞ்சம் ஏறிவிட்டது. உள்பக்கம் பிரித்தேன். அவள் விட்டிருந்த துணி நான் பிரித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. மூச்சை நன்றாக விட்டுப் பார்த்தேன், எங்கும் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.